எனக்குப் புரிகிறது, அவருக்கு ஏன் புரியவில்லை?

ஒரு பாட்டை மனதுக்குள் ஓடவிட்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டிக் காட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைச் செய்து பார்த்தார். எல்லோருக்கும் பழக்கமான பாட்டுகள்தான். கேட்பவர் எவ்வளவு சரியாகச் சொல்வார் என்று தட்டியவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார் என்றார்கள். தட்டப்பட்டவை 120 பாட்டுகள். கண்டுபிடிக்கப்பட்டவை 3.

தட்டியவர்கள் மிகைப்படுத்திச் சொன்னதாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் நிலையில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு தட்டின்போதும் அவர்களுக்குள் மெட்டும் வரிகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் ‘டொக் டொக்’. தனக்குள் ஒலிப்பதை நிறுத்திவிட்டு, மற்றவர் காதால் கேட்டுப் பார்க்கத் தட்டுகிறவரால் முடிவதில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு, அது தெரியாதிருந்த நிலையைக் கற்பனை செய்வதே கடினமாகிவிடுகிறது. இதற்கு ‘அறிவின் சாபம்’ என்று பெயர். காலின் கேமரர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், மார்ட்டின் வெபர் ஆகிய மூவர் 1989இல் ஒரு பொருளாதார ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். இன்று கற்பித்தல், மென்பொருள் வடிவமைப்பு, மருத்துவம் எனப் பல துறைகளில் இது புழங்குகிறது.

விளக்கிச் சொல்வதில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பேச்சுத் திறமையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். குரல், தயக்கம், சொல்வளம் இவற்றை மேம்படுத்த முயல்கிறார்கள். தடை பெரும்பாலும் அங்கே இல்லை. எந்தப் படியைத் தாண்டிப் போகிறோம் என்பது நம் கண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான் தடை. அதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு, யாரும் பழகிக்கொள்ளலாம்.

படிகள் எங்கே மறைகின்றன?

ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடிய புதிய விஷயங்கள் மிகக் குறைவு. 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு, அதற்குக் கூடவோ குறையவோ இரண்டு என்று கணக்கிட்டார். பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் நெல்சன் கோவன், நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்றார். நான்கு எண்கள் என்றோ நான்கு எழுத்துகள் என்றோ இதற்குப் பொருள் இல்லை. நான்கு ‘கட்டுகள்’. ஒரு கட்டுக்குள் எவ்வளவு அடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

‘மரம்’ என்ற சொல்லை நீங்கள் பார்த்தவுடன் அது ஒரே கட்டாக உள்ளே போய்விடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அது ம, ர, ம் என்று மூன்று. அந்த மூன்றையும் ஒலித்து, வரிசையை மறக்காமல் சேர்த்து, பிறகுதான் பொருளுக்குப் போக வேண்டும். இப்போது ‘மரம்’ என்ற சொல்லைப் பார்த்து, அதைப் படிக்காமல் வெறும் கோடுகளாக மட்டும் பார்க்க முயன்றுபாருங்கள். முடியாது. கட்டு ஒருமுறை இறுகிவிட்டால், நினைத்தாலும் அவிழ்வதில்லை.

சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பலகையைச் சில விநாடிகள் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னால், தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிடப் பலமடங்கு சரியாக அடுக்கினார். காய்களைக் கண்டபடி வைத்துக் காட்டியபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆக, தேர்ந்தவருக்கு ஞாபக சக்தி அதிகம் என்பதில்லை. ஐந்தாறு காய்களின் பழகிய அமைப்பு அவருக்கு ஒரே கட்டு. புதியவருக்கு ஐந்தாறு தனித்தனிக் காய்கள்.

நீங்கள் ‘ஒரே படி’ என்று நினைத்துச் சொல்வது கேட்பவருக்கு ஆறு படிகளாக இருக்கலாம். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அவர் கை நிறைந்துவிடும். அதற்குப் பிறகு சொல்வது எதுவும் உள்ளே போகாது, சொல்கிறவர் எவ்வளவு அழகாகச் சொன்னாலும்.

ஒரு கணக்கை அவிழ்த்துப் பார்ப்போம்

ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிடுமா? வராது. 100 என்பது 120 ஆகி, 96இல் நிற்கும். கணக்குத் தெரிந்தவர் இதை ஒரே வரியில் விளக்குவார்: “இரண்டாவது தடவை அடிப்படை மாறிவிட்டது இல்லையா, அதனால்தான்.”

அந்த ஒரு வரிக்குள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சதவீதம் தனியாக நிற்கும் எண் அன்று, எப்போதும் எதனுடைய சதவீதம் என்று கேட்க வேண்டும். ஏறும்போது அந்த ‘எது’ 100. ஏறிய பிறகு கையில் இருப்பது 120. இறங்கும்போது அந்த ‘எது’ 120. 120இல் 20 சதவீதம் 24. 120இலிருந்து 24 போனால் 96. ஆறு படிகள். இதில் முதல் படியும் நான்காவது படியும்தான் உயிர்நாடி. மற்றவை வெறும் கூட்டல் கழித்தல். விளக்குகிறவர் பெரும்பாலும் கூட்டல் கழித்தலைத்தான் மெதுவாகச் செய்து காட்டுகிறார். ஏனென்றால் முதலும் நான்கும் அவருக்குப் படியாகவே தெரிவதில்லை.

கேட்பவரின் பக்கம் என்ன நடக்கிறது? அவர் மனதில் ‘20 சதவீதம்’ என்பது ‘20’ போன்ற ஓர் அளவு. இருபதைக் கூட்டி இருபதைக் கழித்தால் பழையபடி வந்தாக வேண்டும். நீங்கள் 96 என்று எழுதிக் காட்டினால் ஒப்புக்கொள்வார், ஆனால் மனதில் இருக்கும் படம் மாறாது. மறுநாள் வேறு கணக்கில் அதே தவறு திரும்பி வரும்.

இங்கே செய்யக்கூடிய நல்ல காரியம், எண்களைப் பெரிதாக்குவது. 50 சதவீதம் ஏறி 50 சதவீதம் இறங்கினால் 100 என்பது 150 ஆகி 75இல் நிற்கிறது. 96 வரும்போது ‘ஏதோ கொஞ்சம் இடிக்கிறது’ என்று தோன்றியது, 75 வரும்போது கண்ணில் குத்தும். இன்னும் பெரிதாக்குங்கள்: 100 சதவீதம் ஏறினால் 200, பழைய விலைக்கு வர எவ்வளவு சதவீதம் இறங்க வேண்டும்? பாதி, அதாவது 50. ஏறியது 100, இறங்க வேண்டியது 50. இந்த இடத்தில்தான் பலருக்குச் சட்டென்று பிடிபடும். கேட்பவரே “அப்படியென்றால் எதிலிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம்” என்று சொல்லும்வரை காத்திருங்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு புரிந்ததைச் சோதிக்க அதே கணக்கை வேறு எண்ணில் கொடுப்பது போதாது. இப்படிக் கேளுங்கள்: 25 சதவீதம் தள்ளுபடி போக ஒரு பொருளை 300க்கு வாங்கினால் அதன் முதல் விலை என்ன? 400 என்று வந்தால் பிடித்துவிட்டார். 375 என்று வந்தால், தள்ளுபடியை 300இன் மேல் கணக்கிட்டிருக்கிறார். பழைய படம் இன்னும் உள்ளே இருக்கிறது. நல்ல சோதனைக் கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும்: தவறான விடை வந்தால், எந்தத் தவறான எண்ணத்திலிருந்து அது வந்தது என்று அந்த விடையே காட்டிக்கொடுக்க வேண்டும்.

தமிழில் பேசும்போது கவனிக்க வேண்டியவை

நம் மொழியில் செயல்களைக் கோத்துக்கொண்டே போகலாம். “பின்மூடியைத் திறந்து பழைய பேட்டரியை எடுத்துட்டு புதுசைத் திருப்பிப் போட்டு அழுத்தி மூடுங்க.” கேட்க ஒரே வாக்கியம். உள்ளே திறப்பது, எடுப்பது, திருப்புவது, போடுவது, அழுத்துவது, மூடுவது என்று ஆறு செயல்கள். எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றில் முடிகின்றன. முதல் முறை செய்பவருக்கு இது சுமை. அதிலும் ‘திருப்பி’ என்பதை ‘மறுபடியும்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், ‘புரட்டி’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி தலைகீழாகப் போவதற்கு இது போதும்.

பிரித்துச் சொன்னால் எப்படி இருக்கும்? “ரிமோட்டைக் கவிழ்த்துப் பிடிங்க. மூடியில ஓர் அம்புக்குறி தெரியுதா? அந்த இடத்தை அழுத்திக்கிட்டே அம்பு காட்டுற பக்கம் தள்ளுங்க.” மூடி கழன்ற பிறகு: “உள்ளே சுருள்கம்பி தெரியுதா? பேட்டரியோட தட்டையான முனை அந்தச் சுருள்கம்பியைத் தொடணும்.” ஒரு வாக்கியம், ஒரு செயல், பிறகு நிறுத்தம். கூடவே, செயல் முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்ற அடையாளமும் வேண்டும்: “டக் என்று சத்தம் வந்தால் மூடி பொருந்திவிட்டது.” இந்த அடையாளத்தைச் சொல்ல மறப்பவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால், சரியாகச் செய்தவர்கூடத் தவறோ என்று நினைத்து மறுபடி பிரிப்பார்.

அடுத்தது சுட்டுச் சொற்கள். “அதை அமுக்குங்க, அது வரும், அதுல இதைப் போடுங்க.” எதிரில் இருந்து விரல் காட்டும்போது இது வேலை செய்யும். போனில் பேசும்போதோ எழுதும்போதோ ஒவ்வோர் ‘அது’வும் ஒரு புதிர். எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும் நமக்கு இயல்பு. அதனால் யார் செய்வது, எது தானாக நடப்பது என்ற வேறுபாடும் மங்கிவிடும். “சேமிச்சிடும்” என்றால் கருவி தானாகச் சேமிக்குமா, நாம் பொத்தானை அழுத்த வேண்டுமா? எழுதி முடித்ததும் ‘அது, இது, அங்கே, அப்படி’ ஆகிய சொற்களை வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தத் திருத்தம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்று துணிந்து சொல்லலாம்.

கலைச்சொற்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். தெரியாத சொல் அவ்வளவு ஆபத்தானதில்லை, கேட்பவர் “அப்படியென்றால் என்ன?” என்று கேட்டுவிடுவார். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் சிக்கல். இயற்பியலில் ‘வேலை’ என்றால் விசை செயல்படும் திசையில் இடப்பெயர்ச்சி இருக்க வேண்டும். ஒரு சுமையைத் தூக்கியபடி அசையாமல் ஒரு மணி நேரம் நின்றாலும் அந்தச் சுமையின் மீது வேலை செய்ததாகாது. ‘எடை’, ‘நிறை’ இரண்டையும் பேச்சில் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். பாடத்தில் அவை வேறு வேறு. கேட்பவருக்குச் சொல் பழக்கமானது என்பதால் சந்தேகமே எழுவதில்லை, கேள்வியும் வருவதில்லை. அப்படிப்பட்ட சொல் வரும் இடத்தில் நின்று, “இந்தச் சொல்லுக்கு இங்கே வேறு பொருள்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

சொல்லத் தொடங்கும் முன்

முதலில், சொல்லப்போகும் காரியத்தை நீங்களே மெதுவாக ஒருமுறை செய்யுங்கள். கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. நினைவிலிருந்து எழுதினால் கட்டுகள்தான் வரும். பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று நினைவிலிருந்து எழுதுபவர் “செட்டிங்ஸ் போங்க, செக்யூரிட்டியைத் தொடுங்க” என்று இரண்டு வரியில் முடிப்பார். செய்துகொண்டே எழுதுபவருக்குத்தான், நடுவில் திரையைக் கீழே தள்ள வேண்டியிருந்தது தெரியவரும். போனுக்குப் புதியவர் பலர் திரையில் தெரியாதது போனில் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். “நீங்க சொன்னது இதுல இல்லையே” என்று அவர் சொல்லும்போது கோபப்படுகிற நாம், அந்தப் படியைச் சொல்லவே இல்லை.

இரண்டாவது, கேட்பவருக்கு என்ன தெரியும் என்று அறிவது. “இது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டால் வெட்கத்தில் தெரியும் என்பார்கள். “இதுவரை எதைச் செய்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் நின்றது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதையிலேயே அவருடைய சொற்களும் அவர் மனதில் உள்ள படமும் வந்துவிடும். அந்தச் சொற்களையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, அளவு. ஓர் அமர்வில் உண்மையிலேயே புதிய கருத்துகள் மூன்று. அதிகம் போனால் நான்கு. பத்துப் பதினைந்து நிமிடம் பேசினால், அடுத்த சில நிமிடங்கள் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். “இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்” என்று தோன்றும் விதிவிலக்குகள், வரலாறு, மாற்று வழிகள் எல்லாம் தெரிந்தவருக்குச் சுவையானவை. முதல் நாளில் அவை பாரம்.

வரையறை முதலா, எடுத்துக்காட்டு முதலா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை: தொடக்கநிலையில் எடுத்துக்காட்டு முதலில். வரையறை என்பது பல எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. எடுத்துக்காட்டே பார்க்காதவருக்கு அதை அவிழ்க்க வழியில்லை. ஆனால் ஒரே ஓர் எடுத்துக்காட்டு ஆபத்து. சதுரத்தை எப்போதும் நேராகவே வரைந்து காட்டினால், சற்றுச் சாய்த்து வரைந்த சதுரத்தை ‘இது சதுரம் இல்லை’ என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. ஆகவே தோற்றத்தில் மாறுபட்ட இரண்டு எடுத்துக்காட்டுகள், கூடவே தோற்றத்தில் ஒத்திருந்தும் பொருந்தாத ஒன்று. சதுரம் போலத் தெரியும் ஆனால் ஒரு பக்கம் சற்றே நீண்ட செவ்வகம், எல்லை எங்கே என்று காட்டிவிடும்.

உவமைகளுக்கும் எல்லை சொல்ல வேண்டும். மின்சாரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீராகச் சொல்வது நல்ல உவமை. அழுத்தம் மின்னழுத்தத்துக்கு, ஓட்டம் மின்னோட்டத்துக்கு, குழாயின் குறுகல் மின்தடைக்குப் பொருந்துகிறது. ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டாது, சுற்று அறுந்து ஓட்டமே நின்றுவிடும். இதைச் சொல்லாமல் விட்டால், கேட்பவர் உவமையைத் தானே நீட்டித் தவறான முடிவுக்குப் போவார். உவமை சொன்ன அதே மூச்சில், அது எங்கே உடைகிறது என்பதையும் சொல்லுங்கள்.

சாரம் கட்டுவதும் பிரிப்பதும்

கட்டடம் எழும்போது சாரம் கட்டுகிறோம், சுவர் தானே நின்றதும் பிரித்துவிடுகிறோம். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் ஆகியோர் 1976இல் கற்பித்தலுக்கு இந்த உருவகத்தைக் கொண்டுவந்தார்கள். நடைமுறையில் இதைச் செய்ய எளிய வழி, செய்து முடித்த கணக்கு. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் சோதித்தபோது, வெறும் கணக்குகளைப் போட்டுப் பழகியவர்களைவிட, செய்து முடித்த கணக்கை முதலில் படித்துவிட்டு அதே வகைக் கணக்கைப் போட்டவர்கள் குறைந்த நேரத்தில், குறைந்த தவறுகளோடு கற்றார்கள். தொடக்கத்தில் ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டுவிட்டால், அவருடைய நான்கு கட்டுகளும் தேடுவதிலேயே செலவாகிவிடுகின்றன. முறையைக் கவனிக்க இடம் மிஞ்சுவதில்லை.

முதல் கணக்கு முழுவதும் செய்து காட்டியது. இரண்டாவதில் கடைசிப் படி மட்டும் காலி. மூன்றாவதில் கடைசி இரண்டு படிகள். அப்படியே பின்னாலிருந்து குறைத்துக்கொண்டு வந்து, ஐந்தாவது ஆறாவது கணக்கில் கேள்வி மட்டும். கணக்குக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். கடிதம் எழுதுவது, நேர்காணலில் பேசுவது, இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவது எல்லாவற்றையும் இப்படிப் பழக்கலாம்.

“புரிஞ்சுதா?”

உலகிலேயே பயனற்ற கேள்வி இதுவாகத்தான் இருக்கும். விடை பெரும்பாலும் “ம்”. அது பொய் இல்லை. கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் புரிந்ததுதான். தொடர்ந்து கேட்க முடிந்ததையே புரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. பெரியவர் சொல்லும்போது புரியவில்லை என்று சொல்லக் கூச்சம் வேறு.

அதற்குப் பதிலாக, மருத்துவர்கள் நோயாளிகளிடம் பயன்படுத்தும் ஒரு முறை உண்டு: கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. சொல்லும் விதம் முக்கியம். “நான் சொன்னதைச் சொல்லு பார்ப்போம்” என்றால் பரீட்சை. “நான் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. நாளைக்கு நீங்கள் தனியாக இதைச் செய்யும்போது முதலில் என்ன செய்வீர்கள், அடுத்து என்ன?” என்றால் சோதிக்கப்படுவது உங்கள் விளக்கம். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ, எந்தப் படியைத் தாண்டுகிறாரோ, அங்கேதான் நீங்களும் தாண்டியிருப்பீர்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். 1970களில் மேரி பட் ரோ வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் விடைகள் நீண்டன. விடையே வராத கேள்விகள் குறைந்தன. மாணவர்கள் தாங்களாகவே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று விநாடி சிறியதாகத் தோன்றும். ஆனால் கேள்வி கேட்டவருக்கு அந்த மௌனம் மிக நீளம். மனதுக்குள் மூன்றுவரை எண்ணுங்கள். விடை வந்த பிறகும் இன்னொரு மூன்று. பலர் முதல் வாக்கியத்துக்குப் பின்தான் உண்மையான சந்தேகத்தைச் சொல்வார்கள்.

அப்படியும் புரியாவிட்டால்

அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாகச் சொல்வதுதான் எல்லோரும் முதலில் செய்வது. புரியாமைக்கு நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. சொல் தெரியாவிட்டால் சொல்லை மாற்றினால் போதும். படி விடுபட்டிருந்தால் அதைச் செருக வேண்டும். சுமை கூடியிருந்தால் இன்னும் விளக்குவது நிலைமையை மோசமாக்கும். நிறுத்தி, பாதியை நாளைக்கு வைக்க வேண்டும். நான்காவதுதான் உண்மையில் கடினம்: ஏற்கெனவே மனதில் வேறொரு படம் இருப்பது.

கோடை ஏன் வருகிறது என்று கேட்டால், பூமி சூரியனுக்கு அருகே போவதால் என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அடுப்புக்கு அருகே போனால் சுடும் என்ற அனுபவத்திலிருந்து வந்த, தர்க்கத்தோடு கூடிய படம் அது. அதன் மேல் ‘பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது’ என்ற சரியான விளக்கத்தை வைத்தால், கேட்பவர் இரண்டையும் ஒட்டிக்கொள்வார்: சாய்வதால் அருகே வருகிறது என்பார். முதலில் பழைய படத்தை அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பிறகு, அந்தப் படம் சரியென்றால் என்ன நடக்க வேண்டும் என்று அவரையே கணிக்கச் சொல்ல வேண்டும். பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது எந்த மாதம்? ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி. அப்படியென்றால் பூமி முழுவதும் ஜனவரியில் கோடையாக இருக்க வேண்டும். ஆனால் அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம், தென் அரைக்கோளத்தில் கோடை. இந்த இடத்தில் பழைய படம் தானே ஆட்டம் காணும். ஆட்டம் கண்ட பிறகுதான் புதியதற்கு இடம் கிடைக்கும். இதற்குப் பொறுமை வேண்டும், ஏளனம் துளியும் கூடாது. “இதுகூடத் தெரியாதா” என்ற ஒரு சொல் போதும், அதன்பின் அவர் தன் மனதில் உள்ள படத்தை வெளியே காட்டவே மாட்டார்.

சொல்கிறவருக்கு என்ன கிடைக்கிறது

பிறருக்குச் சொல்லும்போதுதான் நமக்கே முழுதாகத் தெரியவில்லை என்பது தெரியவரும். லியோனிட் ரோசன்பிளிட்டும் ஃபிராங்க் கீலும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப் எப்படி வேலை செய்கிறது என்பது போன்றவற்றில் தங்கள் புரிதலுக்கு மக்களை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொல்லிவிட்டு, மறுபடி மதிப்பெண் கேட்டார்கள். மதிப்பெண் இறங்கியது. தெரிந்த மாதிரி இருப்பதும் தெரிந்திருப்பதும் வேறு என்பதை எழுதத் தொடங்கிய பிறகே உணர்ந்தார்கள்.

நம் இலக்கண மரபு இதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஆசிரியர் சொல்வதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குப் புலமைதான் என்கிறது. உடன் பயில்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு விரித்துரைப்பதால் மீதி அரைப் பங்கு.

தனியாகப் பழக ஒரு முறை. நீங்கள் நன்றாக அறிந்த ஒன்றை எடுத்து, அதைத் துளியும் அறியாத ஒருவருக்குச் சொல்வதாக நினைத்து இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். ஒருநாள் கழித்துக் கேளுங்கள். உடனே கேட்டால் விடுபட்டதை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். கேட்கும்போது மூன்றை மட்டும் குறியுங்கள்: பெயர் சொல்லாமல் விட்ட ‘அது’க்கள், ஒரே வாக்கியத்தில் இரண்டுக்கு மேல் போன செயல்கள், எடுத்துக்காட்டே இல்லாமல் வந்த பொதுச் சொற்கள். திருத்தி மறுபடி பதிவு செய்யுங்கள். வாரம் மூன்று முறை, இருபது நிமிடம் போதும். பிறகு உண்மையான ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சொல்வதைப் பதிவு சொல்லாது.

எங்கே நிறுத்துவது

இவ்வளவும் புதியவருக்கு. ஓரளவு தேறியவரிடம் இதே முறை எதிராகத் திரும்பும். படிப்படியான விளக்கம், தெரிந்தவருக்கு ஏற்கெனவே இறுகிய கட்டை வலிந்து அவிழ்க்கிறது. அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் களைப்படைகிறார், சில சமயம் முன்பைவிட மோசமாகச் செய்கிறார். ஸ்வெல்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் இத்தகைய முடிவுகளைத் தொகுத்துக் காட்டினார்கள்.

தேறிவிட்டார் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. “அடுத்து என்ன செய்யணும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர் “இப்படிச் செய்தால் என்ன ஆகும்?” என்று கேட்கத் தொடங்குவார். நீங்கள் முடிக்கும் முன்பே வாக்கியத்தை அவர் முடிப்பார். தன் தவறைத் தானே பிடித்து, பாதியில் நின்று திருத்துவார். இவற்றில் ஏதாவது இரண்டைக் கண்டால், சாரத்தின் ஒரு கொம்பை எடுத்துவிடுங்கள். பழைய தவறு திரும்பி வந்தால் அந்த ஒரு கொம்பை மட்டும் மறுபடி கட்டுங்கள், முழுவதையும் கட்ட வேண்டாம்.